தொல் டிஎன்ஏவும் மெத்தில் குறிகளும்: ‘மீட்பு’ வேண்டாம், ‘உய்த்தறிதல்’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய எலும்பின் டிஎன்ஏவில் மெத்தில் குறிகள் (டிஎன்ஏவின் எழுத்துகளோடு ஒட்டும் சிறு வேதிக்குறிகள்) எங்கே இருந்தன என்று கண்டறியும் முறைக்கு ‘மேல்மரபு மீட்பு’ என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. ‘மேல்மரபு’ சரி. எழுத்து வரிசையை மாற்றாமல் அதன் மேல் ஒட்டிக்கொள்ளும் குறிதானே அது. ‘மீட்பு’தான் எனக்கு ஒப்பவில்லை.

அந்தக் குறியை யாரும் நேராகப் பார்ப்பதில்லை. உயிர் போன பின், டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் மெல்ல மெல்லத் தன் அமினோ தொகுதியை இழக்கிறது. மெத்தில் இல்லாத சைட்டோசின், டிஎன்ஏவில் வழக்கமாக இல்லாத யுராசிலாகும். மெத்தில் உள்ளது, டிஎன்ஏவின் இன்னொரு எழுத்தான தைமினாகும். நொதியால் யுராசிலை அகற்றிவிட்டால், சைட்டோசின் இருக்கவேண்டிய இடத்தில் எஞ்சும் தைமின் பெரும்பாலும் மெத்திலின் தடயம். ஆனால் சைட்டோசின்களில் சிறு பங்குதான் இப்படிச் சிதைகிறது. டெனிசோவன் என்ற அழிந்துபோன மனித இனத்தவரின் விரலெலும்பிலிருந்து, மரபணுத்தொகையின் ஒவ்வோரிடத்தையும் சராசரியாக ஏறத்தாழ 30 முறை படித்திருந்தும், தனி ஓரிடத்தை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் அடுத்தடுத்த இடங்களைச் சேர்த்து, தைமினாக மாறியவற்றின் விகிதத்தைக் கணக்கிட்டு, மெத்தில் அளவை மதிப்பிடுகிறார்கள். 2014இல் லிரான் கார்மெல் குழுவினர் வெளியிட்ட நியண்டர்தால், டெனிசோவன் வரைபடங்கள் இப்படி வந்தவைதான். கைகால் வளர்ச்சியில் பங்குள்ள ஹாக்ஸ்-டி மரபணுக்களின் மெத்தில் அளவில் நமக்கும் அந்தத் தொல்மனிதர்களுக்கும் வேறுபாடு இருப்பதை அவை காட்டின. எவ்வளவு அழகான வேலை! சிதைவையே சான்றாக்கிவிட்டார்கள்.

‘மீட்பு’ என்றால் தொலைந்த பொருளே கைக்கு வந்துவிட்டது என்று படிப்பவர் நினைப்பார். இங்கே கைக்கு வருவது ஒரு மதிப்பீடு. ஆகவே ‘தொல்மெத்தில் உய்த்தறிதல்’ என்று முன்மொழிகிறேன். ‘அனுமானம்’ பேச்சு வழக்கில் வெறும் ஊகமாகிவிட்டது, அது வேண்டாம். பள்ளி மாணவருக்கு ‘உய்த்தறிதல்’ கடினம் என்றால் ‘தொல்மெத்தில் மதிப்பீடு’ என்றாலும் ஏற்பேன்.

அப்புறம், சைட்டோசின் இப்படிச் சிதைவதைக் குறிக்கும் ‘அமினோ நீக்கம்’ என்பதை இந்த இடத்தில் ‘அமினோ இழப்பு’ என்று மாற்றலாம். யாரும் நீக்கவில்லை, தானாகப் போகிறது. ‘நீக்கம்’ நொதி செய்யும் வேலைக்கு இருக்கட்டும்.

இந்த வரைபடத்தைப் பற்றிய பதிவுக்கு உள்ள ‘நியண்டர்தால் மேல்மரபுத்தொகை’ என்ற தலைப்பையும் மாற்றவேண்டும். ‘தொகை’ என்றால் உடல் முழுவதன் மேல்மரபுக் குறிகளும் கிடைத்துவிட்டன என்று தோன்றும். மெத்தில் குறிகள் திசுவுக்குத் திசு மாறும். கையில் இருப்பது எலும்பு மட்டும். கிரீன்லாந்தில் சக்காக் என்ற பழைய பண்பாட்டைச் சேர்ந்த ஒரு மனிதருக்கு, சுமார் 4000 ஆண்டுப் பழைய தலைமுடியிலிருந்து இதே போல வரைந்திருக்கிறார்கள். அது முடியின் வரைபடம். எனவே ‘நியண்டர்தால் எலும்பின் மெத்தில் வரைபடம்’ என்று வைக்கலாமா?