பின்விளக்கின் உடைந்த பிடிகள்

நான், காலை 9:12
மாமா, என்னுடைய 2009ஆம் ஆண்டுக் காரின் இடப்பக்கப் பின்விளக்கு ஆடுகிறது. காரின் பின்பக்கச் சாமான் பெட்டியான பூட்டின் உள் உறையைக் கழற்றிப் பார்த்தபோது, விளக்கின் பின்புறம் நீண்டிருக்கும் மூன்று ஸ்டட்களில் (நட்டு மாட்டும் மரையுள்ள கம்பிகளில்) இரண்டு, அடியிலிருந்த பிளாஸ்டிக்கோடு பிய்ந்திருப்பது தெரிந்தது. அடுத்த மாதம் பரிசோதனைக்குப் போக வேண்டும். சூப்பர் குளூ போட்டு ஒட்டிவிடலாமா?

ஈசூன் மாமா, 9:20
வேண்டாம் தம்பி. அந்தப் பசை காய்ந்தபின் வளைந்து கொடுக்காது. பூட்டை நீ அறைந்து மூடும் ஒவ்வொரு முறையும் விளக்கு வாங்கும் அதிர்வில் மறுபடியும் விட்டுவிடும். முதலில் விளக்கின் பின்புறம் பிளாஸ்டிக்கின் வகையைக் காட்டப் பொறித்திருக்கும் எழுத்தைப் பார். ஏபிஎஸ் (ABS) என்றிருந்தால், இரண்டு கூறுகளைக் கலந்து பூசும் எபோக்சி பசை நன்றாகப் பிடிக்கும். பிபி (PP, பாலிபுரோப்பிலீன்) என்றிருந்தால் சாதாரணப் பசை எதுவும் ஒட்டாது.

நான், 9:31
ஏபிஎஸ் என்றுதான் இருக்கிறது.

மலர் அக்கா, 9:34
சிங்கப்பூரில் பத்து வயதைத் தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை, சாலை வரியிலும் கூடுதல் கட்டணம். இவ்வளவுக்கும் பிறகு ஒட்டு வேலை எதற்கு? சின் மிங் வட்டாரக் கார்ப் பட்டறைகளில் பழைய விளக்கு ஒன்றைக் கேட்டு வாங்கி மாட்டிவிடலாமே.

ஈசூன் மாமா, 9:41
கிடைத்தால் வாங்கலாம் அம்மா, ஆனால் அந்த விளக்கின் பிளாஸ்டிக்கும் இதே வயதுடையதுதான்.

தம்பி, 9:44
ஏபிஎஸ் துண்டுகளை அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கிப் பூசலாம் என்கிறார்களே, மாமா?

ஈசூன் மாமா, 9:58
விரிசலை அடைக்க அது நல்ல வழிதான். ஆனால் சிவப்பு முகப்பு பெரும்பாலும் அக்ரிலிக். அதன்மேல் அசிட்டோன் பட்டால் மெல்லிய வெடிப்புகள் விழும். மேலும், பாரத்தைத் தாங்க வேண்டியது பசை அன்று, உலோகம்தான். ஆகவே பழைய நட்டைக் கடைக்கு எடுத்துச் சென்று, அதே மரையுள்ள போல்ட்டும் அகலமான வாஷரும் வாங்கிக்கொள். உடைந்த இடத்தையும் அதைச் சுற்றியும் 80ஆம் எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, போல்ட்டின் தலையும் வாஷரும் முழுமையாகப் புதையும்படி இரு பகுதி எபோக்சியை நிரப்பு. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையைத் தவிர்த்து, மெதுவாக இறுகுவதையே வாங்கு.

போல்ட் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தாலும் தகட்டின் துளைக்குள் நுழையாது. எனவே பசை ஈரமாக இருக்கும்போதே, காரின் தகட்டில் நெகிழித் தாளைச் சுற்றி, விளக்கை அதன் இடத்தில் பொருத்தி, நட்டுகளைத் தளர்வாக மாட்டி, வெளியே டேப்பால் பிடித்து 24 மணி நேரம் விட்டுவிடு. அதுவரை வண்டியை எடுக்காதே.

அத்தை, 10:03
எங்கு வேண்டுமானாலும் செய்யுங்கள், சாப்பாட்டு மேசையில் மட்டும் அந்தப் பசையைக் குழைக்காதீர்கள். போன முறை விழுந்த கறை இன்னும் இருக்கிறது.

நான், 10:06
சரி அத்தை. மாமா, இது ஏன் உடைந்தது?

ஈசூன் மாமா, 10:15
விளக்குக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள நுரைப்பட்டை வெயிலில் தட்டையாகிவிடும். மழைநீர் பூட்டுக்குள் ஒழுகும். அதை நிறுத்த யாரோ நட்டை வலுக்கட்டாயமாக முறுக்கியிருப்பார்கள், ஏற்கெனவே முறுகலாகிப் போன பிளாஸ்டிக் தெறித்திருக்கும். எனவே நீர் புகாத புதிய நுரைப்பட்டை ஒட்டாமல் விளக்கைத் திரும்ப மாட்டாதே. நட்டை விரலால் இறுக்கியபின் ஸ்பானரால் கால் சுற்று கொடுத்தால் போதும்.

நான், 10:19
மூன்றாவது ஸ்டட் நன்றாகத்தான் இருக்கிறது. அதை விட்டுவிடலாமா?

ஈசூன் மாமா, 10:22
இத்தனை நாளும் முழுப் பாரத்தையும் அது ஒன்றே தாங்கியிருக்கிறது. விளக்கு கையில் இருக்கும்போதே அதன் அடியைச் சுற்றியும் எபோக்சி பூசிவிடு. மாட்டியபின் பிரேக்கையும் சிக்னலையும் போட்டுப் பார்த்து, ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றி, பூட்டுக்குள் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுச் சொல்.