ஜூலையில் சௌனாவா? ஹெய்னோலாவை மறந்துவிட்டீர்களா?

வடதுருவன்:
சூடேற்றிய அறையில் உட்கார்ந்து வியர்க்கும் பின்லாந்துக் குளியலான சௌனா பற்றிப் பக்கத்து இழையில் கத்திரிவெயில் எழுதியதைப் படித்ததும் காபி புரையேறிவிட்டது. "சௌனா குளிர்காலச் சமாச்சாரம். கோடையில் பின்லாந்துக்காரனே அந்தப் பக்கம் போக மாட்டான். போனால் ஹெய்னோலாவில் நடந்ததுதான் நடக்கும்" என்று அடித்து விட்டிருக்கிறார். ஐயா, நான் ஹெல்சிங்கிக்குப் பக்கத்து எஸ்போவில் குடியிருப்பவன். இந்த நாட்டில் சுமார் 55 லட்சம் பேர், 30 லட்சம் சௌனா. ஜூன் கடைசியில் யுஹன்னுஸ் என்ற நடுக்கோடைப் பண்டிகை வந்தால் நகரமே காலியாகி ஏரிக்கரைக் குடில்களுக்குப் போய்விடும். ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம். பிர்ச் மரத்தின் இளங்கிளைகளைக் கட்டி விஹ்தா செய்து முதுகில் தட்டிக்கொண்டு, வியர்வையோடு நேராக ஏரியில் குதிப்பார்கள். சௌனா இல்லாத யுஹன்னுஸ், கரும்பு இல்லாத பொங்கல். தெரியாவிட்டால் கேட்கலாம், தப்பில்லை.

கத்திரிவெயில்:
புரையேறினால் தண்ணீர் குடியுங்கள். ஒரே கேள்வி. 2010-ல் ஹெய்னோலாவில் உலக சௌனாப் போட்டி எந்த மாதம் நடந்தது? ஆகஸ்ட். இறுதிச் சுற்றில் ரஷ்யப் போட்டியாளர் இறந்துபோனார். பலமுறை பட்டம் வென்ற உங்கள் பின்லாந்து வீரர் கடுமையான தீக்காயங்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆகஸ்ட் கோடையா, இல்லையா?

வடதுருவன்:
அது போட்டி சார், போட்டி! உள்ளே 110 டிகிரி. 30 நொடிக்கு ஒரு தடவை அரை லிட்டர் தண்ணீரைச் சூடான கல்லின் மேல் கொட்டினார்கள். யார் கடைசி வரை எழுந்திருக்காமல் உட்காருகிறார் என்ற வீம்பு. வீட்டில் யாரும் அப்படி உட்காருவதில்லை. 80 டிகிரி, பத்துப் பதினைந்து நிமிடம், முடியவில்லை என்றால் கதவைத் திறந்து வெளியே வந்துவிடலாம். அந்தப் போட்டியை ஜனவரியில் வைத்திருந்தாலும் அதே கதிதான். வெளியே என்ன மாதம் என்று 110 டிகிரிக்குத் தெரியுமா?

கத்திரிவெயில்:
ஆகஸ்ட் என்று ஒத்துக்கொண்டதற்கு நன்றி. கூடவே இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே வருஷம் ஜூலை 29-ல் யோன்சூ விமான நிலையத்தில் 37.2 டிகிரி, பின்லாந்தின் சாதனை வெப்பம். ஒன்பதே நாள் கழித்து ஆகஸ்ட் 7-ல் போட்டி, மரணம். ஏற்கெனவே காய்ந்து கிடக்கும் உடம்பை மறுபடி அடுப்பில் வைத்தால் வேறென்ன ஆகும்?

வடதுருவன்:
யோன்சூ கிழக்கு எல்லைப் பக்கம், ஹெய்னோலா தெற்கே லாஹ்தி ஊருக்குப் பக்கம். வரைபடம் பார்த்துவிட்டு வாருங்கள். அந்தப் போட்டி 1999-ல் ஆரம்பித்தது. 2010-க்கு முந்தைய கோடைகளிலெல்லாம் இறந்தவர் யார் என்று சொல்லுங்களேன்?

சும்மாஒருவன்:
சென்னையில் மே மாதம் வாசலுக்கு வந்தாலே இலவச சௌனாதானே நண்பர்களே 😄

வடதுருவன்:
இந்த ஜோக்கை வருஷா வருஷம் யாராவது ஒருவர் தூசி தட்டி எடுத்து வந்துவிடுகிறார். சென்னையில் ஈரப்பதம் அதிகம், வியர்வை காயாது. சௌனாவில் காற்று வறண்டிருக்கும். கல்லில் தண்ணீர் விட்டதும் எழும் ஆவி, லோய்லூ என்பார்கள், கொஞ்ச நேரம் சுள்ளென்று இருக்கும், அப்புறம் அடங்கிவிடும். வெளியே வந்தால் இருபது டிகிரிக் காற்று, பக்கத்தில் ஏரி. சென்னை வெயிலிலிருந்து வெளியே வந்து எங்கே போவீர்கள், ஃபிரிட்ஜுக்குள்ளா?

கத்திரிவெயில்:
ஏரியை நீங்களே ஆரம்பித்ததால் சொல்கிறேன். யுஹன்னுஸ் வார இறுதியில் போதையில் தண்ணீரில் இறங்கி மூழ்கிச் சாகிறவர்கள் பற்றி அங்கே வருஷா வருஷம் செய்தி வருகிறதே, படிப்பதில்லையா?

வடதுருவன்:
அது பீர் செய்த வேலை. சௌனாவின் தலையில் கட்டாதீர்கள். கிழக்குப் பின்லாந்தில் குவோப்பியோ ஊர்ப் பக்கம் 2315 நடுத்தர வயது ஆண்களை இருபது வருஷம் போலத் தொடர்ந்து கவனித்து, 2015-ல் ஆய்வு வெளியிட்டார்கள். வாரத்தில் 4 முதல் 7 முறை சௌனா போனவர்களிடம் திடீர் இதய மரணம் குறைவு. 2020-ல் சௌனா யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் ஏறியாகிவிட்டது. இன்னும் என்ன வேண்டும்?

கத்திரிவெயில்:
அதிகம் போனவர்களுக்கு ஆபத்து குறைவாக இருந்தது, அவ்வளவுதான். திடகாத்திரமானவன்தான் அடிக்கடி போவான், அது பெரிய அதிசயமா? சரி, அந்த ஆய்வில் ஆகஸ்டைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்களா?

தம்பெரே_அக்கா:
ஆகஸ்ட் ஆகஸ்ட் என்று காது வலிக்கிறது. எங்கள் ஊர் தம்பெரேயில் ரயாபோர்த்தி பொது சௌனா 1906-லிருந்து நடக்கிறது, விறகு அடுப்பு. வடதுருவன் தம்பி ஏதோ ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர் மாதிரி எழுதுகிறார். உங்கள் அடுக்குமாடியில் இருப்பது மின்சார அடுப்பு. அந்தச் சௌனாவுக்குள்ளும் கோடை முழுக்க என்ன இருந்தது என்று போன டிசம்பர் இழையில் நீங்களே படம் போட்டீர்கள். இட்லி மாவுப் பாத்திரம்!

வடதுருவன்:
அக்கா, அது குளிர்காலம். மாவு புளிக்கவில்லை என்று வைத்தேன், சௌனா அணைந்துதான் இருந்தது. அந்த இழையில் நீங்கள் சொன்ன, ஓவனுக்குள் விளக்கை எரியவிட்டு மாவை வைக்கும் முறையில் மாவு புளிக்கவே இல்லை என்று நான்கு பேர் எழுதியதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறீர்கள். மின்சார அடுப்பு என்றால் மட்டமா? ஹெல்சிங்கியில் நிறையப் பேர் அதில்தான் குளிக்கிறார்கள்.

தம்பெரே_அக்கா:
மட்டம் என்று நான் சொன்னேனா? விஹ்தா பற்றிப் பாடம் எடுக்காதீர்கள் என்றுதான் சொன்னேன். சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசரில் உறைந்து கிடந்த விஹ்தாவை வாங்கி வந்து முதுகில் தட்டுகிறவர்தானே நீங்கள்.

வடதுருவன்:
ஜூனில் பச்சையாகக் கட்டியதைத்தான் உறைய வைத்து விற்கிறார்கள்! நனைத்தால் அதே மணம்தான் வரும். வேண்டுமானால் இந்த வாரமே இரண்டையும் வைத்துப் படம் போடுகிறேன்.

கத்திரிவெயில்:
படத்தில் தேதி தெரிகிற மாதிரி எடுங்கள். ஆகஸ்டா என்று பார்க்க வேண்டும்.

வடதுருவன்:
உங்களுக்குத் தனி இழை திறக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். அக்கா, அந்த நான்கு பேருக்கு முதலில் பதில் சொல்லுங்கள்.