கூத்துப் பதிவில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன, 50 மி.மீ. லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?

செய்யாற்று வாத்தியார்:
வணக்கம். எங்கள் ஊர் துரோபதையம்மன் திருவிழாவில் விடிய விடியப் பாரதக் கூத்து நடக்கும். கர்ண வேடம் கட்டுபவர் என் பெரியப்பா. எழுபதைத் தாண்டிவிட்டார். அவர் ஆடும்போதே ஒழுங்காகப் பதிவு செய்து வைத்துவிட வேண்டும் என்று ஆசை. ஒத்திகையாகப் பக்கத்து ஊர்க் கூத்தை எடுத்துப் பார்த்தேன், பார்க்கச் சகிக்கவில்லை.

கேமரா, மைத்துனர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கேனன் எஸ்.எல்.2. நம் ஊரில் 200டி என்று விற்றது அதுதான். உடன் வந்த 18-55 லென்ஸ், வாய் திறப்பு எஃப் 4-5.6. எல்லாம் ஆட்டோவில்.

படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் ஊர்ந்துகொண்டே இருக்கின்றன. கண்ணால் பார்த்தபோது வெளிச்சம் சீராகத்தான் இருந்தது. முகத்தை ஜூம் செய்தால் படம் சற்று இருண்டு, பிறகு மணல் தூவியதுபோல் ஆகிறது. எல்லாவற்றையும்விட வருத்தம், திரை விலகும் இடத்தில். வேடக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடி வெளிப்படும்போது ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைகிறது. கிரீடம் தெளிவதற்குள் அவர் முதுகைக் காட்டிவிட்டார்.

கடைக்காரர் 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

கல்யாண கேமரா:
கொஞ்சம் பொறுங்கள் ஐயா. பட்டைக்கும் லென்ஸுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அமெரிக்கக் கேமரா என்றதுமே புரிந்துவிட்டது. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. நம் டியூப் லைட் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குள் படம் பிடிக்கும் சென்சாருக்குத் தெரியும். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/50 நொடி என்றால் படத்தின் ஒவ்வொரு வரிக்கும் சரியாக இரண்டு துடிப்பு ஒளி கிடைக்கும். அமெரிக்க அமைப்பில் வரும் 1/60 என்றால் ஒன்றே முக்கால் துடிப்புக்கும் சற்றுக் குறைவு. ஒரு வரிக்கு அதிகம், ஒரு வரிக்குக் குறைவு. அதுதான் பட்டை.

மெனுவில் ‘வீடியோ சிஸ்டம்’ அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சி.யில் இருக்கும், நம் நாட்டு முறையான பால் (PAL) என்று மாற்றுங்கள். (கறக்கிற பால் இல்லை.) நொடிக்கு 25 சட்டம் (படம்), எல்லாவற்றையும் நாமே வைக்கும் எம் நிலை, ஷட்டர் 1/50. அதன்பிறகு ஷட்டரைத் தொடவே வேண்டாம்.

இரவுப்பறவை:
இந்தக் கேமராவில் இரவுக் கூத்து எடுப்பதே வீண். பெரிய சென்சார் உள்ள முழுச்சட்டக் கேமராவுக்கு மாறுங்கள்.

கல்யாண கேமரா:
தம்பி, அவர் வாத்தியார், வங்கி மேலாளர் இல்லை.

ஒளியளவு:
மற்ற இரண்டுக்கும் நான் சொல்கிறேன். உங்கள் லென்ஸின் வாய் 18 மி.மீ.யில் எஃப் 4 வரை திறக்கும். 55க்குப் போனால் எஃப் 5.6தான், எண் ஏறினால் வாய் சுருங்கும். ஒளி பாதியாகிறது. அதை ஈடுகட்ட ஆட்டோ ஐ.எஸ்.ஓ.வை, அதாவது ஒளியுணர்வை, ஏற்றுகிறது, மணல் அங்கிருந்து வருகிறது.

50 மி.மீ. நல்ல லென்ஸ். எஃப் 1.8இல் எஃப் 5.6ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு ஒளி வரும். ஆனால் இந்தச் சிறிய சென்சாரில் அது முழுச்சட்டக் கேமராவின் 80 மி.மீ. போல் குறுகிய பார்வை தரும். 5 மீட்டர் தள்ளி நின்றால் ஆளின் பாதி உடம்புதான் அடங்கும். 3 மீட்டரில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் கால் மீட்டர். புஜக்கட்டை, கிரீடம், பாவாடை எல்லாம் கட்டிக்கொண்டு சுழன்று ஆடுபவரை அந்தக் கால் மீட்டருக்குள் யார் பிடித்து வைப்பது?

நான் வாங்குவதானால் 24 மி.மீ. எஃப் 2.8. அடை போல் தட்டையாக இருக்கும். எஃப் 5.6ஐவிட நான்கு மடங்கு ஒளி. 5 மீட்டரில் கிரீடம் முதல் சலங்கை வரை அடங்கும். அந்தத் தூரத்தில் ஃபோகஸ் வைத்தால் சுமார் மூன்றரை மீட்டரிலிருந்து ஒன்பது மீட்டர் வரை எல்லாம் தெளிவு. எனவே ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். திரை பிடித்ததும் திரைத்துணியின் நெசவையே 10 மடங்கு பெரிதாக்கிப் பார்த்துக் கையால் ஃபோகஸ் செய்யுங்கள். பெரியப்பா அதற்கு ஓரடி பின்னால்தானே நிற்கிறார்? திரை விலகும்போது நீங்கள் எதையும் தொட வேண்டியதில்லை.

செய்யாற்று வாத்தியார்:
நன்றி. இருக்கிற லென்ஸிலேயே 24இல் வைத்துக் கையால் ஃபோகஸ் செய்து பார்த்தேன். படம் கொஞ்சம் இருட்டு, ஆனால் அலையவில்லை. வீட்டு டியூப் லைட்டில் பட்டையும் போய்விட்டது. கோயில் திடலில் ஜெனரேட்டர் ஓடியபோது மட்டும் மெல்லிய நிழல் ஒன்று மெதுவாக நகர்கிறது.

கல்யாண கேமரா:
ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸிலேயே நிற்காது. சுமை ஏறினால் எஞ்சின் வேகம் தாழும், அதிர்வெண்ணும் தாழும். நேர் முன்னால் மட்டும் இரண்டு ஹாலஜன் ஃபோகஸ் விளக்கு போடச் சொல்லுங்கள். அந்த இழை ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் ஆறுவதில்லை. நிழல் பெரும்பாலும் மறைந்துவிடும். மஞ்சள் ஒளி, அதனால் வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் வெண்சமநிலையையும் ஆட்டோவில் விடாதீர்கள்.

ஒளியளவு:
இன்னொன்று. 29 நிமிடம் 59 நொடியில் பதிவு தானாக நின்றுவிடும். கர்ணன் உயிர் பிரியும் நேரத்தில் நின்றுவிடப் போகிறது. கோமாளியான கட்டியக்காரன் வந்து பேசும்போது நீங்களே நிறுத்தி, மறுபடி தொடங்கிவிடுங்கள்.

செய்யாற்று வாத்தியார்:
கட்டியக்காரன் எங்கள் சித்தப்பா. அவர் பேச்சை வெட்டினால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது. ஆர்மோனியக்காரர் தேநீர் குடிக்கும் இடமாகப் பார்க்கிறேன்.