.308-ல் 200 கிரெய்ன் குண்டு: கேஸில் இடம் போதவில்லை

கேள்வி: .308 வின்செஸ்டர் ரைஃபிள் தோட்டாவை 200 கிரெய்ன் (எடை அளவு) குண்டு வைத்து நானே நிரப்புகிறேன். குழலின் உள்வரி 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்கு. மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டி) அடங்குவதற்காகத் தோட்டாவின் மொத்த நீளத்தை 2.800 அங்குலத்தில் நிறுத்தினால் குண்டின் அடி கேஸுக்குள் (பித்தளைக் கூடு) ஆழமாக இறங்கி, வெடிமருந்து நறநறவென நசுங்குகிறது. 100 கெஜத்தில் அட்டைத் துளைகள் நீள்வட்டமாக விழுகின்றன. மருந்தை மாற்றணுமா, குண்டையா?

பதில் 1: குண்டைத்தான் சார். நீள்வட்டத் துளை என்றால் குண்டு சாய்ந்தபடி போகிறது, முறுக்கு போதவில்லை. எடையைவிட நீளம்தான் இதைத் தீர்மானிக்கும். முழுச் செம்புக் குண்டு அதே எடை ஈயக் குண்டைவிட நீளம், அந்தப் பக்கமே போகாதீர்கள். தட்டையான அடியுள்ள 165 அல்லது 180 கிரெய்ன் எடுங்கள். 200-தான் வேண்டுமென்றால் 10 அங்குலத்துக்கு ஒரு முறுக்குள்ள குழல் வேண்டும்.

பதில் 2: நசுங்கும் சத்தத்தைச் சாதாரணமாக விடாதீர்கள். தோட்டா நிரப்பும் கையேட்டில் அந்த மருந்தளவு 'அழுத்தப்பட்டது' என்று குறித்திருந்தால் மட்டுமே சரி. நீளக் குழாய்ப் புனலில் மெதுவாகக் கொட்டினால் மருந்து படியும். நசுங்கிய மருந்து குண்டை வெளியே தள்ளுவதும் உண்டு. மறுநாள் நீளத்தைத் திரும்ப அளங்கள். 180-க்கான அளவை 200-க்குப் போடவே கூடாது. கையேட்டின் தொடக்க அளவிலிருந்து 0.3 கிரெய்னாக ஏறுங்கள். சுட்டபின் போல்ட்டைத் (துப்பாக்கியின் பின்பூட்டு) தூக்கக் கனத்தாலோ, கேஸ் அடியில் எஜெக்டர் (கேஸை வெளியே தள்ளும் ஊசி) தடம் பளபளத்தாலோ நிறுத்திவிட்டுக் கீழே இறங்குங்கள். பிரைமர் (கேஸ் அடியிலுள்ள தீமூட்டி) தட்டையாவதை மட்டும் நம்பாதீர்கள், மென்மையான பிரைமர் சீக்கிரமே தட்டையாகும்.

பதில் 3: குண்டை வெளியே நீளமாகப் பொருத்தி, மேகசின் இல்லாமல் ஒவ்வொன்றாகப் போடலாம் என்று தோன்றும். குண்டு குழலின் உள்வரியில் முட்டினால் அழுத்தம் எகிறும்; முதலில் குண்டுக்கும் வரிக்கும் உள்ள இடைவெளியை அளங்கள்.