பினாங்கு அங்காடிக் கடையில் அயல்நாட்டவர் குவாலி பிடிக்கலாமா?

பட்டர்வொர்த் வாசி:
சார் கொய் தியாவ் (தட்டை அரிசி நூடுல்ஸ் பிரட்டல்), அசாம் லக்சா (புளிப்பு மீன்குழம்பு நூடுல்ஸ்), ஹொக்கியன் மீ, நாசி லெமாக் மாதிரியான பாரம்பரிய உணவுகளை அங்காடிக் கடைகளில் அயல்நாட்டுத் தொழிலாளர்கள் முதன்மைச் சமையல்காரராக நின்று சமைக்கக் கூடாது என்று 2016 தொடக்கத்திலிருந்து பினாங்கு மாநிலத்தில் விதி இருக்கிறது. மங்கு கழுவலாம், மேசை துடைக்கலாம், குவாலியை (வதக்குகிற இரும்புச் சட்டியை)த் தொடக்கூடாது. நல்ல விதி. இன்னும் கறாராக நடத்த வேண்டும் என்பது என் கட்சி.

போன வாரம் ஜார்ஜ்டவுனில் ஒரு கோப்பிக்கடை. தவுக்கே (கடை முதலாளி) கல்லாவில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கிறார். அடுப்படியில் நிற்பவர் நாலு தட்டுக்கு ஆனதை ஒரே தடவையாகப் போட்டுக் கிண்டுகிறார். கொய் தியாவ் கூழாகிவிட்டது, கெராங் (சிப்பி) மென்றால் ரப்பர். இதைச் சாப்பிட்டுவிட்டுப் போகிற சுற்றுப்பயணி பினாங்குச் சாப்பாடு இவ்வளவுதான் என்றுதானே நினைப்பார்?

ஈப்போக்காரி:
அண்ணே, நாலு தட்டை ஒன்றாகப் போட்டுக் கிண்டினால் யார் கிண்டினாலும் கூழ்தான். சார் கொய் தியாவை ஒவ்வொரு தட்டாகத்தான் பிரட்டணும். குவாலி புகையும்போது எண்ணெயும் பூண்டும், பின்னாடியே இறாலும் கொய் தியாவும், மேலே மிளகாய் விழுதும் சோயாவும். ஓரமாக ஒதுக்கிவிட்டு முட்டையை உடைத்து ஊற்றணும். முளைப்பயறும் குச்சாய் கீரையும் வதங்குவதற்குள் இறக்கணும். கெராங் கடைசியில், சூடு ஏறினால் போதும். கத்துக்கொடுத்தால் வருகிற கைப்பழக்கம் இது. அந்தத் தவுக்கே கத்துக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. இந்தச் சாப்பாடெல்லாம் யார் கொண்டுவந்தது? தியோச்சுக்காரர்களும் ஹொக்கியன்காரர்களும் கப்பலேறி வந்தவர்கள். கோழிச் சோறு ஹைனான் தீவு ஆட்களோடு வந்தது. நாசி கண்டாரும் ரொட்டி சானாயும் நம்ம தமிழ் முஸ்லிம்கள் கை. அன்றைக்கே இப்படி ஒரு விதி போட்டிருந்தால் இன்றைக்கு நீங்கள் எதைப் பாரம்பரியம் என்று காப்பாற்றுவீர்கள்?

பட்டர்வொர்த் வாசி:
வந்தவர்கள் தங்கினார்கள், தங்கச்சி. பிள்ளைகுட்டி இங்கேயே வளர்ந்தது, கைப்பக்குவம் அடுத்த தலைமுறைக்குப் போனது. இன்றைக்கு பெர்மிட்டில் வருகிற தொழிலாளி குடும்பத்தை அழைத்துவர முடியாது, ஒப்பந்தம் முடிந்தால் விமானம் ஏறியாகணும். கற்றது அவரோடு போகும். அடுத்து வருபவர் பாதி கற்பார், அதற்கடுத்தவர் அதிலும் பாதி.

அசாம் லக்சாவையே பாருங்கள். கெம்போங் மீனை அவித்து, முள் எடுத்து, உதிர்த்துப் போடணும். புளிப்பு எவ்வளவு, புங்கா காந்தான் (இஞ்சி வகைப் பூமொட்டு) எவ்வளவு, ஹே கோ (இறால் விழுது) எவ்வளவு என்பதெல்லாம் நாக்கில் நிற்கிற கணக்கு. 2011-இல் சிஎன்என் பயணத்தளம் உலகின் 50 சிறந்த உணவுகளில் இதற்கு 7ஆம் இடம் கொடுத்தது. வீட்டில் பாட்டி வைத்த லக்சாவைச் சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு இன்றைக்குப் புளிப்பு தூக்கலா, மட்டா என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

தோ பாயோ அக்கா:
சிங்கப்பூர் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் உணவங்காடிக் கலாசாரம் 2020 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. எல்லாரும் கொண்டாடினோம். ஆனால் கடை போட்டிருப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அறுபதை எட்டியவர்கள், தாண்டியவர்கள். விடியுமுன் எழுந்து நாள் முழுக்க அடுப்பு முன்னால் நிற்கிற வேலைக்குப் பிள்ளைகள் வருவதில்லை. 2025 ஜனவரியிலிருந்து, நீண்டகால வருகை அனுமதி அட்டை வைத்திருப்பவர்களைக் கடை உதவியாளராகச் சேர்க்கலாம் என்று அரசாங்கமே வழிவிட்டது. குடிமக்களைக் கட்டி இங்கேயே குடித்தனம் நடத்துகிறவர்கள் அவர்களில் நிறைய. தம்பி சொல்கிற ‘தங்குகிற ஆள்’ இவர்கள்தானே?

கிள்ளான் குமார்:
நம்ம வட்டாரத்து தொம்யாம் கடைகளை மறந்துட்டீங்களே. மலேசியா முழுக்க அந்தக் கடைகளில் அடுப்படியில் நிற்பவர்கள் பெரும்பாலும் தென்தாய்லாந்து மலாய்க்காரர்கள். ராத்திரி பதினொரு மணிக்கும் கூட்டம் அலைமோதுது. ஒருத்தராவது கடப்பிதழ் கேட்டதுண்டா? வங்காளதேசத்து ஆள், மியன்மார் ஆள் என்றால் மட்டும் நாக்கு கசக்குதா? ரப்பர் தோட்டத்துக்கு வந்த நம்ம தாத்தாக்களையும் ஒரு காலத்தில் இப்படித்தான் பார்த்தாங்க. அது எனக்கு வலிக்குது.

பட்டர்வொர்த் வாசி:
குமார், தொம்யாம்காரர்கள் சமைப்பது அவர்கள் ஊர்ச் சாப்பாடு. அதனால்தான் அது ருசிக்கிறது. என் பேச்சுக்கு அதுவே சாட்சி. தொழிலாளி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. குறைந்த சம்பளத்துக்கு ஆளைப் பிடித்து அடுப்பு முன்னால் நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று கடைக்கு உரிமம் வைத்துக்கொண்டு சுற்றுகிற தவுக்கேதான் என் இலக்கு. உரிமத்தில் பேர் உள்ளவன் கடை திறந்திருக்கிற நேரமெல்லாம் அடுப்படியில் நிற்கணும்.

ஈப்போக்காரி:
அப்படியென்றால் அதையே விதியாக்கச் சொல்லுங்கள், கையெழுத்துப் போட நானும் வருகிறேன். எந்த நாட்டு ஆள் என்கிற கேள்வியை எடுத்துவிடுங்கள். எங்கள் தாமான் (குடியிருப்பு) பக்கம் ஒரு சீனப் பெரியவர் கொய் தியாவ் போடுகிறார். தோள்பட்டை தேய்ந்து இப்போது குவாலியைத் தூக்க முடியவில்லை. பிள்ளைகள் கோலாலம்பூரில் அலுவலக வேலை. பல வருசமாகக் கூடவே நிற்கிற மியன்மார்ப் பையன் பிரட்டுகிறான், பெரியவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து “இப்ப கெராங்” என்று குரல் கொடுக்கிறார். பினாங்கு விதி இங்கேயும் வந்தால் மூடப்போவது அந்தக் கடைதான். கல்லாவில் கைப்பேசி பார்க்கிற உங்கள் தவுக்கே உள்ளூர் ஆள் ஒருத்தனை வைத்துக்கொண்டு நாலு தட்டை ஒன்றாகவே கிண்டிக்கொண்டிருப்பார், விதியும் அவரை ஒன்றும் கேட்காது.