பைக்குல கொண்டுபோற மாதிரி சின்ன டெலஸ்கோப்: பாக்கவும் வேணும், போட்டோவும் எடுக்கணும், எது வாங்கலாம்?

கரூர்_தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். 2019 டிசம்பர்ல எங்க ஊர்ல வளைய சூரிய கிரகணம் தெரிஞ்சப்ப பாத்ததுல இருந்து வானத்து மேல ஒரு ஆசை, இன்னும் குறையல. இவ்ளோ நாளா ஸ்டெல்லேரியம் ஆப்பும் அப்பாவோட 10×50 பைனாகுலரும் வச்சு பாத்துட்டு இருந்தேன், வியாழனோட நாலு நிலா, கார்த்திகைக் கூட்டம், ஒரியன் நெபுலா எல்லாம் பாத்தாச்சு. இப்ப சொந்தமா ஒரு டெலஸ்கோப் வாங்கலாம்னு 25 ஆயிரம் சேத்து வச்சிருக்கேன், ரொம்ப அவசியம்னா இன்னும் கொஞ்சம் போடலாம்.

வீடு டவுனுக்குள்ள தான், மொட்டை மாடி இருக்கு ஆனா வடக்குப் பக்கம் பக்கத்து வீட்டு மாடி முழுசா மறைக்குது. அமாவாசையை ஒட்டி கொல்லிமலைக்கோ பெரியப்பா தோட்டத்துக்கோ பைக்குல போயிடுவேன், அதனால பேக்ல போட்டுத் தோள்ல மாட்டற சைஸ்ல இருக்கணும். சனி வளையம், நிலா பள்ளம் இதெல்லாம் கண்ணால பாக்கணும், அதோட நெபுலா கேலக்ஸி எல்லாம் கலர்ல போட்டோ எடுக்கணும். போன் சுமாரான ஆண்ட்ராய்டு, நண்பன்கிட்ட ஒரு டிஎஸ்எல்ஆர் கடன் வாங்கலாம்.

ஆன்லைன்ல ரெண்டு பாத்தேன். ஒன்னு 70 மிமீ, 525 மடங்கு பெருசா காட்டும்னு போட்டிருக்கான். இன்னொன்னு 127 மிமீ, ஈக்வடோரியல் மவுன்ட்னு ஒரு ஸ்டாண்டோட, ஆஸ்ட்ரோபோட்டோகிராஃபி கிட்னு பேரு, விலையும் பட்ஜெட்டுக்குள்ள வருது. ரெண்டாவதை வாங்கிடலாமா? தெரிஞ்ச அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்க.

மொட்டைமாடி_சீனியர்:

தம்பி, ரெண்டையும் வாங்காதீங்க, கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதல்ல அந்த 525 மடங்கு. எந்த டெலஸ்கோப்பும் அதோட விட்டம் எத்தனை மிமீயோ அதுல ரெண்டு மடங்கு வரைக்கும் தான் உருப்படியா பெருசாக்கும், 70 மிமீக்கு 140, அதுவும் காத்து அசையாம நிக்கிற ராத்திரில. அதுக்கு மேல போனா மங்கலா ஒரு உருண்டை தான் தெரியும். பொட்டி மேல மடங்கு கணக்கை பெருசா போட்டு விக்கிறதை எல்லாம் அப்படியே தாண்டிப் போயிடுங்க.

அந்த 127ல ஒரு விஷயம் பாருங்க. ஃபோகல் லெங்த் (வெளிச்சம் குவியற தூரம்) 1000 மிமீனு போட்டிருப்பான், ஆனா குழாய் நீளம் அரை மீட்டர் தான் இருக்கும். நியூட்டோனியன்ல, அதாவது இந்த மாதிரி கண்ணாடி வச்ச டெலஸ்கோப்ல, குழாய் நீளம் ஃபோகல் லெங்த்துக்கு கிட்டத்தட்ட சமமா வரணும், பாதி தான் இருக்குன்னா ஃபோகஸருக்குள்ள ஒரு லென்ஸை ஒட்டி நீளத்தை இழுத்திருக்கான்னு அர்த்தம். கண்ணாடி குழிவும் அந்த விலைல சரியா இருக்காது, படம் எப்பவும் கூர்மையா உக்காராது, காலிமேஷன், அதாவது கண்ணாடியை நேர் பண்றதும் பெரும் பாடு.

அதைவிட முக்கியம் அந்த மவுன்ட். ஈக்வடோரியல் மவுன்ட்டோட ஒரு அச்சை துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்கணும். நம்ம ஊர் 11 டிகிரி அட்சரேகைல இருக்கறதால துருவ நட்சத்திரம் அடிவானத்துல இருந்து 11 டிகிரி உயரத்துல தான் நிக்கும், உங்களுக்கு அது பக்கத்து வீட்டு மாடிக்குப் பின்னாடி போயிடுச்சு. அப்படியே தெரிஞ்சாலும் அச்சை அவ்ளோ தாழ்த்தி வச்சா எதிர் எடைக் கம்பி ட்ரைபாட் கால்ல இடிக்கும். ஐரோப்பா அமெரிக்கால 40, 50 டிகிரில இருக்கறவங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல, அதனால அங்க எழுதற ரிவ்யூல இதைப் பத்தி ஒரு வரி கூட இருக்காது. விலை கம்மியான மவுன்ட்டு காலு வேற ஆடும், கை பட்டா படம் அடங்க அஞ்சு செகண்டு ஆகும்.

கண்ணால பாக்கறது ஒரு வேலை, நெபுலா போட்டோ எடுக்கறது வேற வேலை, ரெண்டுக்கும் கருவியே வேற. 25 ஆயிரத்துல ரெண்டும் ஒன்னா வராது. பாக்கறதுக்குன்னா டேபிள்டாப் டாப்சோனியன் 130 மிமீ (ஸ்டூல் மேல வச்சு கையால திருப்பற கண்ணாடி டெலஸ்கோப்), அதான் என் வாக்கு. ஸ்கைவாட்சர் ஹெரிடேஜ் 130 மாதிரி, மேல் பாதி குழாய் உள்ள இறங்கி பாதி உயரம் ஆயிடும், எடை ஆறு ஆறரை கிலோ தான், பெரிய ட்ராவல் பேக்ல அடங்கும். 650 மிமீ ஃபோகல் லெங்த், 25 மிமீ ஐபீஸ் (கண் வைக்கற லென்ஸ்) போட்டா 26 மடங்கு, 10 மிமீ போட்டா 65, கூட ஒரு நல்ல 2× பார்லோ (மடங்கை ரெட்டிப்பாக்கற லென்ஸ்) வாங்கினா 130. சனி வளையத்துக்கும் அதோட நிலா டைட்டனுக்கும் அது தாராளம். டாப்சோனியனுக்கு துருவமும் வேண்டாம் எதிர் எடையும் வேண்டாம், ஆடாத ஸ்டூல் ஒன்னு போதும். தோட்டத்துல மரக்கட்டை இருந்தா அதுவே போதும்.

நெபுலா_பிரியன்:

சீனியர் சார் சொன்னது கண்ணுக்கு சரி. ஆனா ப்ரோவுக்கு போட்டோ ஆசையும் இருக்கே, அதையும் பேசிடலாம்.

நான் சீஸ்டார் எஸ்50னு ஒரு ஸ்மார்ட் டெலஸ்கோப் வச்சிருக்கேன். 50 மிமீ லென்ஸ், 250 மிமீ ஃபோகல் லெங்த், உள்ளயே கேமரா, மோட்டார், பேட்டரி, மொத்தமே ரெண்டரை கிலோ. போன்ல ஆப்ல எம்42னு (ஒரியன் நெபுலாவோட நம்பர்) தொட்டா அதுவே தேடிப் போய் ஃபோகஸ் பண்ணி பத்து பத்து செகண்டா எடுத்து ஒன்னு மேல ஒன்னு அடுக்கும், நீங்க பாத்துட்டு இருக்கும்போதே நெபுலாவோட சிவப்பு ஏறிட்டு வரும். உள்ளயே ஒளி மாசு ஃபில்டர் இருக்கறதால டவுன் மாடில இருந்தே நெபுலா கிடைக்குது, கேலக்ஸிக்கு மட்டும் இருட்டான இடம் வேணும். அடுத்து வந்த எஸ்30 இன்னும் சின்னது, 30 மிமீ லென்ஸ், ஒன்னரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல. ரெண்டுமே உங்க பட்ஜெட்டைத் தாண்டும், அதை ஒளிக்க வேண்டாம். ஐபீஸ் கிடையாது, கண்ணை வச்சுப் பாக்க முடியாது. கிரகத்துக்கும் இது ஆகாது, சனி ஒரு அரிசி அளவு தான் வரும்.

எங்கயும் சரியா எழுதாத ஒன்னு சொல்றேன். இந்த மாதிரி ஸ்மார்ட் டெலஸ்கோப் மேல கீழ, இடம் வலம்னு திரும்பி ட்ராக் பண்றதால படம் மெதுவா சுத்தும், ஃபீல்டு ரொட்டேஷன்னு சொல்லுவாங்க. நம்ம அட்சரேகைல இது திசையைப் பொறுத்து ரொம்ப மாறும். ஒரியன் நெபுலா கிழக்க 40 டிகிரி உயரத்துல இருக்கும்போது மணிக்கு அஞ்சாறு டிகிரி தான் சுத்தும், அதே நெபுலா உச்சிக்குப் பக்கத்துல 73 டிகிரிக்கு ஏறினதும் மணிக்கு 50 டிகிரிக்கு மேல சுத்தும். லண்டன்ல அது எவ்ளோ ஏறினாலும் 33 டிகிரி தான், அங்க அந்த நேரத்துல மணிக்கு 11 டிகிரி கிட்ட தான் சுத்தும். அதனால நம்ம ஊர்ல கிழக்கயோ மேற்கயோ நடு உயரத்துல இருக்கும்போது எடுங்க, உச்சில இருக்கறதை விட்டுட்டு வேற பக்கம் திருப்புங்க. எனக்கு ஓரத்துல வீணாப் போற ஃப்ரேம் இதுலயே பாதியாக் குறைஞ்சுது. 2025ல ஈக்வடோரியல் மோட் அப்டேட்ல வந்துச்சு, ஆனா 11 டிகிரிக்கு சாய்க்கணும்னா கருவி கிட்டத்தட்ட படுத்த நிலைல நிக்கணும், கனமான ட்ரைபாட் இல்லாம அதைப் பண்ணாதீங்க, கவுந்துடும்.

அறிவியல்_டீச்சர்:

நான் நெல்லைப் பக்கம் ஒரு ஸ்கூல்ல வேலை பாக்கேன், பிள்ளைகளுக்கு 130 டாப்சோனியன்ல தான் காட்டுதேன். தம்பி, வாங்குறதுக்கு முன்னாடி ஒன்னு மனசுல வச்சுக்கோங்க. ஐபீஸ்ல நெபுலா சாம்பல் நிறத்துல தான் தெரியும், மங்கின வெளிச்சத்துல நம்ம கண்ணுக்கு கலர் பிடிபடாது. போட்டோல பாத்த சிவப்பையும் நீலத்தையும் எதிர்பாத்து பிள்ளைக எட்டிப் பாத்தா ஏமாந்துரும், அதனால நான் முன்னாடியே சொல்லிருதேன். ஆனா நிலாவும் சனியும் யாரையும் ஏமாத்தாது. சனியோட வளையம் 2025 மார்ச்ல விளிம்பு மட்டும் நம்மளப் பாத்து இருந்துச்சு, இப்போ மெல்லத் திறந்துக்கிட்டு வருது, வர்ற வருஷங்கள்ல இன்னும் நல்லாவே தெரியும்.

நிலாவுக்கு பௌர்ணமி அன்னைக்கு பாக்காதீங்க, நிழலே விழாது, எல்லாம் தட்டையாத் தெரியும். வளர்பிறை அஷ்டமி நவமி வாக்குல வெளிச்சமும் இருட்டும் பிரியிற கோட்டுல பாருங்க. ரூபெஸ் ரெக்டானு ஒரு நேர் கோடு, நூத்திப்பத்து கிமீ நீளம், கத்தியால கீறின தழும்பு கணக்கா கருப்பா இருக்கும். மறுநாள் கோப்பர்நிக்கஸ் பள்ளம் வெளிச்சத்துக்கு வந்துரும், 93 கிமீ அகலம், உள்ள படிப்படியா இறங்குற சுவரும் நடுவுல மலையும் தெரியும். இதை எடுக்க உங்க போனே போதும். ஐபீஸ்ல மாட்டுற போன் ஹோல்டர் ஒன்னு வாங்கி, ப்ரோ மோட்ல ஐஎஸ்ஓவைக் குறைச்சு, ரெண்டு செகண்டு டைமர் வச்சு எடுங்க. வியாழன், சனிக்கு போட்டோ எடுக்காம ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து ஆட்டோஸ்டாக்கர்ட்ங்கிற கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர்ல போட்டா அது நல்ல ஃப்ரேமை மட்டும் பொறுக்கி அடுக்கித் தரும். ரொம்ப நேரம் எடுக்காதீங்க, வியாழன் பத்து மணி நேரத்துக்குள்ள ஒரு சுத்து சுத்திருது, படம் குழம்பிரும்.

இன்னொன்னு, இது பிள்ளைக கூட இருக்கிற எல்லாருக்கும். சில சின்ன டெலஸ்கோப்போட ஐபீஸ்ல திருகுற ஒரு கருப்புக் கண்ணாடி 'சன்'னு எழுதி வரும். அதைத் தூக்கி குப்பைல போட்ருங்க. வெளிச்சம் குவியுற இடத்துல இருக்கிறதால சூட்டுல வெடிச்சா கண்ணு போயிரும். சூரியனைப் பாக்கணும்னா டெலஸ்கோப்போட முன் வாயை முழுசா மூடுற சோலார் ஃபில்டர் மட்டும் தான், குறி பாக்குற ஃபைண்டரையும் மூடிரணும்.

கரூர்_தம்பி:

சீனியர் சார், டீச்சர் அக்கா, ப்ரோ எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 130 டாப்சோனியன்னு முடிவு பண்ணிட்டேன், சீஸ்டாருக்கு அடுத்து சேத்து வைக்கலாம். மூணு சந்தேகம். பைக்குல கொல்லிமலை எழுபது வளைவும் குலுங்கிட்டுப் போனா கண்ணாடி கலைஞ்சுடாதா? நம்ம ஊர் ஈரத்துல பூஞ்சை பிடிக்குமா? அதுவரைக்கும் நண்பனோட டிஎஸ்எல்ஆரை வச்சு டாப்சோனியன்ல மாட்டி எடுக்கலாமா?

மொட்டைமாடி_சீனியர்:

கலையும் தம்பி, ஆனா பயப்படற விஷயம் இல்ல. பிரகாசமா ஒரு நட்சத்திரத்தைப் பிடிச்சு லேசா ஃபோகஸை விலக்குங்க, உள்ள தெரியற வளையங்கள் ஒரே மையத்துல இருக்கணும், ஒரு பக்கம் ஒதுங்கி இருந்தா பின்னாடி இருக்கற ஸ்க்ரூவை கால் சுத்து கால் சுத்தா திருப்புங்க. வாங்கின வாரத்துலயே இதைப் பழகிடுங்க. ரெட் டாட் ஃபைண்டரைப் பகல்லயே தூரத்து செல்போன் டவர் உச்சியைப் பாத்து சரி பண்ணி வச்சிடுங்க, ராத்திரில தேடற நேரம் மிச்சம்.

பூஞ்சை நிச்சயம் பிடிக்கும், ஐப்பசி கார்த்திகை மழைல ரொம்ப. பாத்து முடிச்சதும் பனி படிஞ்ச ஈரத்தோட மூடி போட்டு பேக்குக்குள்ள வைக்கவே கூடாது. வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்து ஃபேன் ஓடற ரூம்ல கவுத்தாப்ல சாய்ச்சு வச்சு காய விட்டு, அப்புறம் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட மூடுங்க. கண்ணாடில தூசி இருந்தா துடைக்காதீங்க, துடைச்ச கீறல் தான் தூசியைவிட கெடுதல்.

மாடில பாக்கும்போது எட்டு மணிக்கே சனி கொதிக்கற மாதிரி ஆடினா கருவியைக் குறை சொல்லாதீங்க, பகல் முழுக்க வெயில் வாங்கின காங்க்ரீட் தளம் சூட்டை விடுது. பத்து மணிக்கு மேல பாருங்க, இல்ல தோட்டத்துல மண் தரைல வைங்க. நம்ம ஊருக்கு ஒரு கொடுப்பினை இருக்கு, கிரகம் எதுவும் இங்க தாழ்வா கிடக்காது, தனுசு ராசில இருந்தாலும் 55 டிகிரி உயரம் ஏறும், லண்டன்ல 15 டிகிரி தான்.

நெபுலா_பிரியன்:

டிஎஸ்எல்ஆரை டாப்சோனியன்ல மாட்டாதீங்க ப்ரோ, அந்த சின்ன ஃபோகஸர் எடையைத் தாங்காது, பூமி சுத்தற வேகத்துக்கு அது ட்ராக் பண்ணவும் பண்ணாது. கேமராவை சாதா ட்ரைபாட்ல வச்சு 50 மிமீ எஃப் 1.8 லென்ஸ் போடுங்க. 500ஐ ஃபோகல் லெங்த்தால வகுத்தா எத்தனை செகண்டு எடுக்கலாம்னு வரும், க்ராப் சென்சார்னா 50ஐ 75னு வச்சுக்கணும், ஆறு செகண்டு சொச்சம் வரும், நான் நாலு செகண்டோட நிறுத்திப்பேன், நட்சத்திரம் புள்ளியாவே நிக்கும். ஒரியன் பக்கம் திருப்பி இருநூறு முந்நூறு ஃப்ரேம் எடுத்து சிரில்ங்கற சாஃப்ட்வேர்ல அடுக்குங்க, அது ஃப்ரீ தான். திருவாதிரையோட ஆரஞ்சு நிறமும் நெபுலாவோட இளஞ்சிவப்பும் அதுலயே வந்துடும். பின்னால ஆசை வளந்தா ஸ்டார் அட்வென்ச்சரர் மாதிரி, வானம் நகர்றதுக்கு ஏத்தாப்ல கேமராவைத் திருப்பற ட்ராக்கர் பாக்கலாம், ஆனா அதுக்கும் துருவம் பிடிக்கணும், தோட்டத்துல வடக்கு அடிவானம் திறந்திருக்கான்னு இப்பவே பாத்து வைங்க.

அறிவியல்_டீச்சர்:

கொல்லிமலைக்கு மே மாசம் அமாவாசைல வானம் தெளிவா கிடைச்சுதுன்னா ஒன்பது பத்து மணிக்கு தெற்கு திசையைத் திருப்புங்க தம்பி. ஒமேகா சென்டாரிங்கிற நட்சத்திரக் கூட்டம் அங்க 30 டிகிரி உயரத்துல நிக்கும், இருட்டான இடத்துல வெறுங்கண்ணுக்கே மங்கின நட்சத்திரமாத் தெரியும், 130ல 65 மடங்குல பாத்தா கருப்புத் துணில ரவையைத் தூவினாப்ல புள்ளி புள்ளியாப் பிரியும். வடக்கு ஐரோப்பால இருக்கவங்களுக்கு இது அடிவானத்துக்கு மேலயே வராது. அப்படியே கிழக்க விருச்சிகம் ஏறி வரும், கேட்டை பக்கத்துலயே எம்4 நட்சத்திரக் கூட்டம், இன்னும் நேரம் போனா மூல நட்சத்திரத்துக்கிட்ட எம்6, எம்7, இது மூணுக்கும் 25 மிமீ ஐபீஸே போடுங்க, 10 மிமீல எம்7 முழுசா அடங்காது.