ஜெல் படிகம் சொன்ன அளவு ஊறவில்லை, போலிச் சரக்கா?

தொட்டிச்செடி:
செடித் தொட்டிகளில் கலப்பதற்காக ஹைட்ரோஜெல் படிகம் வாங்கினேன். தன் எடையைப் போல 400 மடங்கு தண்ணீரை இழுக்கும் என்று பொட்டலத்தில் போட்டிருக்கிறது. 1 கிராம் எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். காலையில் வடிகட்டி நிறுத்தால் வெறும் 90 கிராம். மறுநாளும் அதே கதை. ஏமாந்துவிட்டேனா?

உப்புக்கல்:
சரக்கைத் திட்டுவதற்கு முன் சொல்லுங்கள், என்ன தண்ணீர்? வேறு ஏதாவது கலந்தீர்களா?

தொட்டிச்செடி:
போர்வெல் தண்ணீர். கொதிக்கவைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். ஜெல் உரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளட்டுமே என்று கரையும் உரம் அரை ஸ்பூன் போட்டேன். தப்போ?

உப்புக்கல்:
அதேதான். அந்தப் படிகம் பெரும்பாலும் பொட்டாசியம் பாலிஅக்ரிலேட் வகையாக இருக்கும். நீண்ட சங்கிலி மூலக்கூறு, அதன் நெடுக எதிர்மின் சுமையுள்ள கார்பாக்சிலேட் தொகுதிகள், அவற்றை ஒட்டிப் பொட்டாசியம் அயனிகள். தண்ணீர் உள்ளே போனதும் அயனிகள் விலகுகின்றன. எதிர்மின் தொகுதிகள் ஒன்றையொன்று தள்ளுவதால் சுருண்டிருந்த சங்கிலி விரிகிறது. ஜெல்லுக்குள் அயனி அதிகம், வெளியே குறைவு. அந்த வித்தியாசம்தான் தண்ணீரை உள்ளே இழுக்கிறது, சவ்வூடு பரவல் மாதிரியே. சங்கிலிகளுக்கு நடுவே குறுக்குப் பிணைப்பு இருப்பதால் கரைந்து ஓடாமல் ஜெல்லாக நிற்கிறது.

நீங்கள் வெளியிலும் உரத்தைக் கரைத்துவிட்டீர்கள். உரமும் உப்புதானே! வித்தியாசம் குறைந்தது, இழுப்பும் குறைந்தது. டயப்பரில் இருப்பது இதன் சோடியம் தம்பி. நல்ல தண்ணீரில் சில நூறு மடங்கு இழுக்கும் அது, 0.9 சதவீத உப்புக் கரைசலில் சில பத்து மடங்கோடு நின்றுவிடும்.

உங்கள் போர்வெல் தண்ணீர் மாதிரி கடினநீர் இன்னும் மோசம். அதில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் அயனிகளுக்கு இரண்டு நேர்மின் சுமை. ஒரே அயனி இரண்டு கார்பாக்சிலேட்டைப் பிடித்துக்கொண்டு புதிதாக முடிச்சுப் போட்டுவிடும். மழைநீரில் உரமில்லாமல் ஊறவைத்துப் பாருங்கள்.

மண்புழு:
ஊறவைத்த பிறகே மண்ணில் கலக்கவும். நான் உலர்ந்த படிகத்தை இரண்டு ஸ்பூன் தூவித் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் செடி தொட்டி விளிம்புக்கு மேலே எழும்பி நின்றது.

தொட்டிச்செடி:
மழைநீரில் 310 கிராம்! பழைய 90 கிராம் ஜெல்லையும் மழைநீரில் போட்டேன், 160-ஐத் தாண்டவில்லை.

உப்புக்கல்:
உரத்தின் உப்பில் பெரும்பகுதி வெளியேறியிருக்கும். கால்சியம் போட்ட முடிச்சு அவ்வளவு எளிதில் அவிழாது. பொட்டலத்து 400 காய்ச்சி வடித்த நீருக்கான கணக்காக இருக்கலாம். மண்ணிலும் உப்பு உண்டு, தொட்டியில் 310-ஐ எதிர்பார்க்காதீர்கள்.

பச்சைவிரல்:
டயப்பரைப் பிரித்து அந்தத் தூளைச் செடிக்குப் போடலாமா?

உப்புக்கல்:
வேண்டாம். சோடியம் மண்ணை இறுக்கிவிடும், செடிக்கும் ஆகாது. பொட்டாசியம் என்றால் அதுவே சத்து.

தொட்டிச்செடி:
சரி, பழைய ஜெல்லைச் சிங்க்கில் ஊற்றிவிடவா?

மண்புழு:
ஐயையோ, குழாய் அடைத்துக்கொள்ளும்.

உப்புக்கல்:
ஒரு கைப்பிடி சமையல் உப்பைப் போட்டுக் கிளறுங்கள். தண்ணீரைக் கக்கிச் சுருங்கும். ஆனால் கரைந்துபோகாது, அதனால் துணியில் வடிகட்டிச் சக்கையைக் குப்பையில் போடுங்கள். வடிந்த உப்புத் தண்ணீர் செடிப் பக்கம் போகக் கூடாது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் உலர்ந்த படிகத்தை எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கினால் குடலுக்குள் ஊதி அடைத்துக்கொள்ளும்.

தொட்டிச்செடி:
உப்பு போட்டுப் பத்தே நிமிடம், கிண்ணத்தில் பாதி தண்ணீர். மழைநீர் ஜெல்லைத் தொட்டியில் கலந்தாயிற்று. உரம் அடுத்த வாரம், தனியாக.